கரு கலைந்ததும் மூடிவிடும் அட்டை: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் அரசு உதவிபெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மூன்று கருக்களை இழந்து, நான்காவதாக ஒரு பெண் குழந்தையைப் பெற்றவள். என் ரத்தம் எளிதில் உறைந்துவிடும் தன்மை உடையது. ஆன்டிபாஸ்போலிபிட் சின்ட்ரோம் என்று அதற்குப் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.பி.எஸ். என்பார்கள். இந்தக் கோளாறு தங்களுக்கு இருப்பது தெரியாமலே ஒன்றன்பின் ஒன்றாகக் கருவை இழந்துகொண்டிருக்கும் பெண்களுக்காக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணுக்கு இரண்டாவது முறை கரு கலைந்தால், அல்லது 10 வாரம் தாண்டி நன்றாக வளர்ந்த கரு ஒரே ஒரு முறை இறந்தாலும், அவள் பதிவை அத்தோடு முடித்துவிடாதீர்கள். என்ன காரணம் என்று தேடும் பரிசோதனையை அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே அரசு மருத்துவமனையில் செய்யுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி தேவை என்று தெரிந்தால், அந்த ஊசி அவள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கச் செய்யுங்கள்.

இதைத் தமிழ்நாட்டு அரசிடம் நம்பிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844 முதல் இயங்கிவருகிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கி அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தந்த விதத்தைப் பார்த்துத்தான் பல மாநிலங்கள் தங்களுக்கும் ஒரு கழகத்தை அமைத்துக்கொண்டன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்குத் தருகிறீர்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்தால் போதும், கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து, அரசின் கர்ப்பிணிப் பதிவேடான பிக்மியில் எண் பதிந்து, அட்டை போட்டு, இரும்புச்சத்து மாத்திரை வரை கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். இவ்வளவையும் செய்கிற துறைக்கு நான் கேட்பது செய்ய முடியாத காரியம் அல்ல.

ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் கரு வயிற்றில் இருக்கும்வரைதான். கரு கலைந்த அன்றைக்கு எல்லாம் நின்றுபோகிறது. பிக்மியில் அந்தக் கர்ப்பத்துக்கு ஒரு முடிவு எழுதப்படுகிறது, அட்டை பீரோவுக்குள் போகிறது. மறுபடி நாள் தள்ளிப்போனால்தான் அவள் மீண்டும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறாள். ஆனால் அவளுக்கு உதவி செய்யக்கூடிய காலம் அந்த இடைவெளிதான். பரிசோதனை செய்ய வேண்டியது அப்போதுதான். அந்த மாதங்களில் அவளைக் கேட்பார் யாரும் இல்லை.

என் முதல் கரு எட்டாவது வாரத்தில் நின்றது. ஸ்கேனில் "துடிப்பு வரல" என்றார்கள். இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவது ஐந்தாம் மாதத்தில், அசைவு தெரிய ஆரம்பித்த பிறகு போனது. வீட்டிலும் தெருவிலும் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. பப்பாளி சாப்பிட்டாயா, வண்டியில் போனாயா, குடம் தூக்கினாயா, சாப்பாட்டில் சூடு அதிகமாகிவிட்டதா, ஜாதகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். அத்தனை பேர் கேட்டும், கேட்க வேண்டிய கேள்வியை மருத்துவமனையில் யாரும் கேட்கவில்லை. வெளியே அனுப்பும்போது கொடுத்த சீட்டில் கழுவிவிட்ட விவரமும் மாத்திரைகளின் பெயரும் இருந்தன. மூன்று மாதம் கழித்து மீண்டும் முயலலாம் என்று இருந்தது. ஏன் இப்படி ஆனது என்று எழுத அந்தச் சீட்டில் ஒரு வரிகூட இல்லை. எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று நான் சொல்லப்போவதில்லை. அங்கிருந்த டாக்டரும் நர்சுகளும் ராத்திரி முழுக்கக் கால் கடுக்க நின்று வேலை பார்த்தார்கள். அவர்கள் பின்பற்றுவதற்கு ஒரு முறை எழுதப்படவில்லை என்பதே என் குறை.

அந்த வார்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இறந்த குழந்தையைப் பெற்றவளையும் உயிரோடு பெற்றவளையும் அடுத்தடுத்த கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் குழந்தை அழும்போது எனக்குப் பால் கட்டியது. பாட்டிமார்கள் சர்க்கரை கொடுத்துக்கொண்டே வந்து, என் கட்டிலருகில் வந்ததும் தயங்கி நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல் தாண்டிப் போனார்கள். சுகாதாரப் பணியாளர் ஒருவர் பழக்கத்தில் "என்ன குழந்தைம்மா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட அவரும் அழுதார். இதை மாற்றப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. வார்டின் ஓரத்தில் ஒரு திரை, இரண்டு கட்டில், கூட ஓர் ஆள் தங்க அனுமதி, பால் வற்ற என்ன செய்வது என்று சொல்லித்தர ஒரு நர்ஸ். இவ்வளவு போதும். அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இதைச் செய்யச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்ப உங்களால் முடியும்.

அதே வார்டில் இன்னொருத்தி இருந்தாள், நூற்பாலையில் வேலை செய்பவள். அவளுக்கும் அது மூன்றாவது. பின்னர் வேறு ஊரில் ஒரு மருத்துவர் "ஏ.பி.எஸ். டெஸ்ட் எப்பவாவது பார்த்திருக்கீங்களா டீச்சர்?" என்று என்னைக் கேட்டார். அதன்பின் தனியார் ஆய்வகத்தில் காசு கொடுத்துப் பார்த்துக்கொண்டேன். மாதச் சம்பளம் வாங்கும் என்னால் முடிந்தது. அவளால் எப்படி முடியும்? அந்தக் கேள்விதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

இனி நோயைப் பற்றி. உங்கள் துறை மருத்துவர்களுக்கு இது தெரிந்ததுதான், படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏ.பி.எஸ். நோயைத் தனியாக இனம் கண்டு 1983இல் விளக்கியவர் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ். கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பான்களில் சில, சொந்த உடம்பின் செல்களிலுள்ள கொழுப்பையும் அதோடு ஒட்டியிருக்கும் புரதங்களையுமே தாக்கத் தொடங்கிவிடுகின்றன. ரத்தம் தேவையில்லாத இடத்தில் உறைகிறது. சிலருக்குக் காலில் கட்டி அடைக்கும், சிலருக்கு நுரையீரலில், சிலருக்கு இள வயதிலேயே பக்கவாதம். கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியில் பாதிப்பு விழுகிறது. உறைவது ஒரு பக்கம், நஞ்சுக்கொடி கருப்பையில் வேர்விடும் வேலையையே இந்த எதிர்ப்பான்கள் கெடுப்பது இன்னொரு பக்கம். வேர் பிடிக்காத நாற்று வாடுவதுபோல் குழந்தைக்குச் சத்தும் காற்றும் போய்ச் சேராது. ஆரம்ப வாரங்களில் கலையாமல் தப்பினாலும் பின்னால் ரத்தக் கொதிப்பு, குழந்தை வளராமை, குறைமாதப் பிரசவம் என்று வரும்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று ரத்தப் பரிசோதனைகள் போதும்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் எதிர்ப்பான். ஒருமுறை பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. ஏதாவது தொற்றுக் காய்ச்சல் வந்து போனாலும் இந்த எதிர்ப்பான்கள் கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். அதனால் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் இருந்தால்தான் ஏ.பி.எஸ். என்று உறுதி செய்ய வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட விதி. இந்த 12 வாரக் கணக்கில்தான் நம் பெண்கள் நழுவிப்போகிறார்கள். முதல் பரிசோதனைக்கு வந்தவளை இரண்டாவதற்கு யார் கூப்பிடுவது? தடுப்பூசிக்கு நாள் பார்த்துக் கூப்பிடுகிற நர்சம்மாவின் பட்டியலில் இவள் பெயரையும் சேர்த்தால் அவள் வந்துவிடுவாள்.

எல்லாக் கருச்சிதைவுக்கும் ரத்த உறைவுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை ஆரம்ப வாரங்களில் கலைவதற்குப் பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். தைராய்டு, கட்டுக்கு வராத சர்க்கரை, கருப்பைக்குள் தடுப்புச் சுவர் எனக் காரணங்கள் பல உண்டு. எவ்வளவு தேடினாலும் காரணம் தெரியாமல் போவதும் நிறையவே நடக்கிறது. தொடர்ந்து மூன்று முறை கரு இழக்கும் நிலை நூறு தம்பதியரில் ஒருவருக்கு வருகிறது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படி இழக்கும் பெண்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேரிடம் இந்த எதிர்ப்பான்கள் காணப்படுகின்றன. மற்ற காரணங்கள் பலவற்றுக்கு நாம் கைபிசைந்து நிற்க வேண்டியிருக்கிறது. இதற்கு மருந்து இருக்கிறது, கண்டுபிடிக்க வழியும் இருக்கிறது. அதனால்தான் இது தெரியாமலே ஒரு கரு போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் ராஜ் ராய், லெஸ்லி ரீகன் ஆகியோரின் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது நான் வெகுநேரம் அழுதேன். இந்த எதிர்ப்பான்கள் உள்ள, திரும்பத் திரும்பக் கருவை இழந்த 90 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும், இன்னொரு பிரிவுக்கு ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்தார்கள். ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு உயிருள்ள குழந்தை பிறந்தது. ஊசியும் சேர்ந்தவர்களில் 71 சதவீதம் பேருக்குப் பிறந்தது. 1997! என் கருக்கள் போனதெல்லாம் அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு. நான் முதல் குழந்தையைச் சுமப்பதற்கு வெகு முன்பே பதில் இருந்தது, என்னிடம் வந்து சேரவில்லை.

நான்காவது கர்ப்பத்தில் தினம் ஓர் ஆஸ்பிரின் மாத்திரை, தினம் வயிற்றில் ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த ஓர் எனாக்சாபாரின் ஊசி. ஹெப்பாரின் வகை மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. நம் அத்தைமார்களிடமும் அம்மாக்களிடமும் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான், ஏனென்றால் "வயித்துலயே ஊசி போட்டா புள்ளைக்குக் குத்தாதா?" என்று பயப்படாதவர் யாரும் இல்லை. தொப்புளை விட்டுத் தள்ளி, தோலை மடித்துப் பிடித்து, நேராகக் குத்த வேண்டும். ஊசிக்குள்ளே தெரியும் காற்றுக் குமிழியை வெளியே தள்ளக் கூடாது. குத்தின இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கன்றிப்போகும். ஏழாம் மாதத்தில் என் வயிற்றில் பச்சையும் நீலமுமாகத் தழும்பு படாத இடமே கிடையாது. வளைகாப்புக்கு வந்த பெண்கள் பார்த்துவிடக் கூடாதே என்று சேலையை ஏற்றிக் கட்டிக்கொண்டேன். என் கணவர் ஊசி போடக் கற்றுக்கொண்டார். எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்க மாட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் இரண்டு முறை எதிரில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் போட்டுக்கொள்ளலாம். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் போடாமல் திரும்பக் கொண்டுவந்து கொடுக்க ஒரு டப்பாவும் கொடுக்க வேண்டும்.

இந்த மருந்து பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இஸ்லாமியப் பெண்களுக்கும் அசைவம் தொடாதவர்களுக்கும் அதைத் தெரிந்துகொண்டு, வீட்டில் பேசி, மனம் ஒப்பி எடுக்க உரிமை உண்டு. பாதிக் கர்ப்பத்தில் யாரோ சொல்லித் தெரிந்து ஊசியை நிறுத்திவிடும் நிலை வரக் கூடாது.

செலவு அதிகமாகுமே என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். ஒரு ஊசி வெளிக்கடையில் சில நூறு ரூபாய் ஆகிறது. தினக்கூலிக் குடும்பத்துக்கு ஒரு நாள் ஊசி ஒரு நாள் கூலி. எனாக்சாபாரினும் ஹெப்பாரினும் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். எனாக்சாபாரின் கட்டுப்படியாகாத இடத்தில் பழைய ஹெப்பாரினை நாளுக்கு இரண்டு வேளை போடும் வழியும் இருக்கிறது. நான் சொன்ன 1997 ஆய்வில் போட்டதே அந்தப் பழைய ஹெப்பாரின்தான். தவிர, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். அதே வழியில், இந்தக் கர்ப்பிணிகளுக்கு ஒரு மாதத்துக்கான ஊசியைக் கொண்டுவந்து கொடுக்கலாம். தினமும் பேருந்து ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வா என்றால், அந்தச் சிகிச்சை நாலாம் வாரமே நின்றுபோகும்.

காசு மிச்சமாகும் இடத்தையும் சொல்கிறேன். இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கலாம். பரிசோதனையே செய்யாமல், கரு ஒருமுறை கலைந்துவிட்டது என்பதற்காகவே கர்ப்பம் முழுக்க ஹெப்பாரின் ஊசி எழுதிக் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் பரவியிருக்கிறது. காரணம் தெரியாத கருச்சிதைவுகளில் ஆஸ்பிரினோ ஹெப்பாரினோ பலன் தருவதில்லை என்று 2010லேயே பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. பிறவியிலேயே வரும் உறைவுக் கோளாறுகள், ஃபேக்டர் ஃபைவ் லைடன் போன்றவை, இருந்து கருவை இழந்தவர்களிடம் நடத்திய 'அலைஃப் 2' ஆய்வு 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதில் ஊசி போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 71 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. வித்தியாசமே இல்லை. (காலிலோ நுரையீரலிலோ ஏற்கெனவே ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களின் கதை வேறு. அவர்களுக்கு ஊசி கட்டாயம் தேவைப்படலாம்.) எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற மரபணுப் பரிசோதனையை ஆயிரக்கணக்கில் காசு வாங்கிச் செய்து, அதில் எதையோ காட்டிப் பயமுறுத்துகிறார்கள். கருச்சிதைவுக்காக அதைப் பார்க்கத் தேவையில்லை என்பதே வழிகாட்டுதல்களின் நிலை. ரத்தம் அதிகமாக உறையாமல் காக்கும் புரோட்டீன் எஸ் அளவைக் கர்ப்பத்தின் நடுவில் பார்த்துக் குறைவு என்கிறார்கள். கர்ப்பத்தில் அது எல்லாருக்கும் தானாகவே குறையும். நகையை அடகு வைத்துத் தேவையில்லாத ஊசியைக் குத்திக்கொள்ளும் பெண்ணும், தேவையான ஊசி கிடைக்காமல் கருவை இழக்கும் பெண்ணும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். யாருக்குப் பார்ப்பது, எதைப் பார்ப்பது, யாருக்கு ஊசி, யாருக்கு வேண்டாம் என்று அரசு ஒரு வழிகாட்டுதலைத் தமிழில் எழுதி வெளியிட்டால் இருவருமே பிழைத்துக்கொள்வார்கள்.

இரண்டு முறை இழந்தாலே பார்க்கலாமா, மூன்று வரை காத்திருக்க வேண்டுமா என்பதில் நாடுகளிடையே ஒரே கருத்து இல்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு போதும் என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2017 முதல் சொல்லிவருகிறது. நான் அந்தப் பக்கம். பரிசோதனைக்காகவே இன்னொரு கருவை இழந்துவிட்டு வா என்று ஒரு பெண்ணிடம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. ஆன்டிகார்டியோலிபினும் பீட்டா-2வும் ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தை எடுத்து அனுப்பினால் பார்த்துவிடலாம். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் அப்படி இல்லை. நீல மூடிக் குழாயில் எடுத்து, இரண்டு முறை சுழற்றி, தட்டணுக்கள் இல்லாத பிளாஸ்மாவைப் பிரித்து, சில மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும், அல்லது உறைய வைக்க வேண்டும். ஹெப்பாரின் ஊசி தொடங்கிய பிறகு எடுத்தால் முடிவு குழப்பும். அதனால் பெண்ணை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே ஒருமுறை வரவைப்பதுதான் சரி. மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் மட்டுமே பதினொன்று திறந்தீர்கள். மாதத்தில் ஒரு நாள், திரும்பத் திரும்பக் கருவை இழந்தவர்களுக்கென்று தனியாக ஒரு புறநோயாளிப் பிரிவு வையுங்கள். மகப்பேறு மருத்துவர், பொது மருத்துவர், ரத்தப் பரிசோதனை மூன்றும் அன்று ஒரே இடத்தில் கிடைக்கட்டும். கணவனும் கூட வரட்டும். பேச்சு முழுக்க அவள் தலையிலேயே விழுவது அப்போதாவது கொஞ்சம் குறையும்.

கர்ப்பம் தரித்த பிறகு அவள் அட்டையில் பெரிய எழுத்தில் 'ஏ.பி.எஸ்., ஹெப்பாரின்' என்று இருக்க வேண்டும். ரத்தக் கொதிப்பு ஒவ்வொரு வருகையிலும் பார்க்க வேண்டும். குழந்தையின் வளர்ச்சியையும் ரத்த ஓட்டத்தையும் டாப்ளர் ஸ்கேனில் தொடர்ந்து பார்க்க வேண்டும். ரத்தத் தட்டணுக்கள் குறைகின்றனவா என்று இடையில் ஒரு சோதனை. பிரசவத்துக்கு வரும்போது கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்பது மயக்க மருந்து டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். சாதாரண அளவு ஊசி என்றால் குறைந்தது 12 மணி நேரம், கூடுதல் அளவு என்றால் 24 மணி நேரம் ஆன பிறகே முதுகில் மயக்க ஊசி போட முடியும். நள்ளிரவில் 108இல் வந்து இறங்குபவளிடம் இதையெல்லாம் கேட்டு விளங்கிக்கொள்ள நேரம் இருக்காது. அட்டையே சொல்லிவிட வேண்டும்.

ஏற்கெனவே காலில் ரத்தம் உறைந்து, உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்த மாத்திரை கருவின் ஆரம்ப வாரங்களில் குழந்தைக்குக் குறையை உண்டாக்கும். நாள் தள்ளிப்போன உடனேயே ஹெப்பாரினுக்கு மாற வேண்டும். வார்ஃபரின் வாங்க மாதாமாதம் வரும் இளம்பெண்ணிடம் அந்த மருந்துக் கவுன்டரிலேயே இதைச் சொன்னால் என்ன?

எங்கள் ஊர்களில் கரு தங்காதவளைக் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் படுத்தே கிடந்தால் கரு தங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ரத்தம் உறையும் உடம்போ அசையாமல் கிடந்தால் காலில் உறைவு வரும் ஆபத்து கூடுகிறது. பிரசவம் முடிந்ததும் பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைப்பதும், அறைக்குள்ளேயே படுக்க வைப்பதும் அதே ஆபத்தைத்தான் கூட்டும். உறைவு வரும் ஆபத்து உச்சத்தில் இருப்பதே பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில்தான். குழந்தை பிறந்துவிட்டது, இனி எதற்கு ஊசி என்று நிறுத்திவிடுகிறார்கள். பிறகும் ஆறு வாரம் போட வேண்டியிருக்கும், தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. இந்த நாலு செய்தியையும் நர்சம்மா வந்து அத்தைக்கும் அம்மாவுக்கும் எதிரில் சொன்னால் கேட்பார்கள். மருமகள் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அரசு இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் ரத்த உறைவு ஆபத்தைக் கூட்டும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. ஏ.பி.எஸ். உள்ளவர்கள் அதை எடுக்கவே கூடாது. காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். அட்டையை மூடிவிட்டால் அடுத்து மாத்திரை கொடுக்கிறவருக்கு இவளுக்கு என்ன நோய் என்று எப்படித் தெரியும்?

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் நெய்யை நான் சாப்பிட்டேன். இன்றும் அந்த அம்மனைக் கும்பிடுகிறேன். அங்கே வரிசையில் நின்ற பெண்களை நினைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். அவர்களில் எத்தனை பேர் ஒரு குழாய் ரத்தம் கொடுத்திருப்பார்கள்? கடவுளிடம் கேட்பதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அரசிடம் கேட்க வேண்டியதை நான் கேட்கிறேன்.

தொழிலாளர் நலத் துறையோடு சேர்ந்து நீங்கள் செய்ய வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் கரு கலைந்த பெண்ணுக்கு ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதைத் தருகிறது. அதனால் உடம்பு கெட்டால் மேலும் ஒரு மாதம் உண்டு. நூற்பாலைகளிலும் தையல் ஆலைகளிலும் இதைப் பற்றிக் கேள்விப்பட்ட பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வெளியே அனுப்பும் சீட்டிலேயே இந்த ஒரு வரியை அச்சிட்டுக் கொடுங்கள். மூன்றாம் நாள் மெஷின் முன்னால் போய் நிற்க வேண்டிய கட்டாயம் குறையும்.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் செய்ய முடியாது என்பது புரிகிறது. ஒரு மாவட்டத்தில் தொடங்குங்கள். மலைக் கிராமங்களும் ஆலைகளும் புதிய மருத்துவக் கல்லூரியும் உள்ள திண்டுக்கல் அதற்குப் பொருத்தமான இடம். கடந்த சில ஆண்டுகளில் பிக்மியில் கருச்சிதைவு என்று முடிந்த பதிவுகளை எடுத்தாலே யார் யாருக்கு இரண்டு முறைக்கு மேல் கலைந்திருக்கிறது என்ற பட்டியல் கிடைத்துவிடும். அந்தப் பெண்களின் வீடுகளுக்கு நர்சம்மாக்களை ஒருமுறை அனுப்புங்கள். முதல் புறநோயாளி நாளைக் குறித்துச் சொன்னால் நானும் வருகிறேன். ஊசியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிப் போட்டுக்கொள்வது என்று காட்டுகிறேன். சனிக்கிழமையாக இருந்தால் பள்ளிக்கு விடுப்பு எடுக்கவும் வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்.